முதலாளியின் கை எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை

கேள்வி, 27 பிப்ரவரி 2025

பணக்காரர்கள் பத்திரிகை நடத்துவது நேற்று ஆரம்பித்த கதையா? ஹெர்ஸ்ட், புலிட்சர் என்ற பழைய அமெரிக்கப் பத்திரிகை முதலாளிகள் காலத்திலிருந்து இதுதானே நடக்கிறது. அமேசானின் பெசோஸ் வாஷிங்டன் போஸ்ட்டை வாங்கினார், மஸ்க் ட்விட்டரை வாங்கினார். அன்றைக்கு அச்சு இயந்திரம், இன்றைக்கு ஆப். பிடிக்கவில்லை என்றால் பார்க்காமல் இருந்துவிட்டுப் போகலாம். இதில் புலம்ப என்ன இருக்கிறது?

27 பிப்ரவரி, இரவு

பாதி நியாயமான கேள்வி. டெய்லி எக்ஸ்பிரஸ் நடத்திய பீவர்புரூக், இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிரிட்டன் பத்திரிகைகளை விசாரித்த ராயல் கமிஷன் முன்னால் போய், நான் பத்திரிகை நடத்துவதே பிரசாரத்துக்காகத்தான் என்று பட்டென்று சொன்னவர். கொஞ்சம்கூட மறைக்கவில்லை.

நேற்று பெசோஸும் மறைக்கவில்லை. வாஷிங்டன் போஸ்ட்டின் கருத்துப் பக்கங்கள் இனி தனிமனித சுதந்திரம், தடையில்லாச் சந்தை இரண்டையும் ஆதரித்து எழுதும் என்று அறிவித்தார். அந்தப் பக்கங்களின் ஆசிரியர் டேவிட் ஷிப்லி விலகிவிட்டார். போன அக்டோபரில், தேர்தலுக்கு 11 நாள் இருக்கும்போது, இந்த முறை எந்த வேட்பாளரையும் ஆதரிக்கப் போவதில்லை என்று அந்தப் பத்திரிகை அறிவித்தது. 1976 முதல் ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் ஆதரவு தெரிவித்து வந்த பத்திரிகை அது. இரண்டரை லட்சம் சந்தாதாரர்களுக்கு மேல் விலகினார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது? முதலாளி அறிவித்தார். ஆசிரியர் எழுந்து போனார். வாசகர்கள் சந்தாவை நிறுத்தினார்கள். முதலாளியின் கை பட்ட இடத்தில் ரேகை இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஆப்பில் நடந்ததைப் பாருங்கள். எக்ஸில், அதாவது பழைய ட்விட்டரில், எந்த லிங்க்கைப் போட்டாலும் அது டி.கோ என்ற அவர்களுடைய சுருக்க முகவரி வழியாகத்தான் போகும். 2023 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ், ராய்ட்டர்ஸ், ஃபேஸ்புக், சப்ஸ்டாக் மாதிரி சில தளங்களின் லிங்க்கைத் தட்டினால் மட்டும் பக்கம் திறக்க ஐந்து விநாடி தாமதமானது. மற்றதெல்லாம் உடனே திறந்தது. எந்த அறிவிப்பும் இல்லை. யாரோ உட்கார்ந்து அளந்து பார்த்து, அது பத்திரிகையில் வந்த பிறகுதான் தாமதம் போனது.

ஐந்து விநாடிதானே என்று நினைக்காதீர்கள். போனில் எண்ணிப் பாருங்கள். மூன்றாவது விநாடியிலேயே விரல் பின்னால் போகிற பொத்தானைத் தேடும். அந்த எரிச்சலில் நாம் எக்ஸையா திட்டுவோம்? அந்தப் பத்திரிகையின் சர்வரைத்தான் திட்டுவோம்.

பிடிக்கவில்லை என்றால் பார்க்காதே என்கிறீர்கள். பார்க்கவில்லை என்பதே எனக்குத் தெரியாதபோது எப்படி முடிவெடுப்பேன்?

28 பிப்ரவரி

திருத்தம். 1976 முதல் ஒவ்வொரு தேர்தலிலும் என்று எழுதியது தவறு. 1988இல் வாஷிங்டன் போஸ்ட் யாரையும் ஆதரிக்கவில்லை. பெசோஸ் அதை வாங்கியது 2013இல், 25 கோடி டாலருக்கு. ஆக 1988 மௌனத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆதரிக்காமல் இருப்பது தவறென்று நான் சொல்லவில்லை. ஆசிரியர் குழு எழுதி வைத்திருந்த ஆதரவுத் தலையங்கத்தை 11 நாள் இருக்கும்போது நிறுத்தியதுதான் உறுத்துகிறது.

2 மார்ச்

சொந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

ஒரு செய்தித் தளத்தில் நாலு வருஷம் சோஷியல் மீடியா டெஸ்க்கில் இருந்தேன். செய்தி தயாரானதும் அதற்கு இரண்டு வரி எழுதி, படம் சேர்த்து, பக்கத்தில் போட வேண்டும். அதுதான் வேலை. எதிர்ச் சுவரில் பெரிய திரை. இந்த நிமிஷம் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற எண் ஓடிக்கொண்டே இருக்கும். எண் ஏறினால் அறையில் சத்தம் ஏறும். இறங்கினால் என் நாற்காலிக்குப் பின்னால் யாராவது வந்து நிற்பார்கள்.

ஒரு நாள் நின்றவர் எங்கள் நிருபர். ஒரு தொழிற்சாலை விபத்தைப் பற்றி மூன்று வாரம் அலைந்து எழுதியிருந்தார். இறந்தவர்களின் வருகைப் பதிவேட்டு நகல்வரை கையில் வைத்திருந்தார். மாலை ஏழு மணிக்குப் போட்டேன். எட்டு மணிக்கு நூற்றிச் சொச்சம் பேர். ஒன்பது மணிக்கும் கிட்டத்தட்ட அதே. அதற்கு அடுத்துப் போட்ட, ஒரு நடிகை விமான நிலையத்தில் நடந்துபோகிற படம் ஆயிரக்கணக்கில் ஓடியது. 'லிங்க் சரியா இருக்கா?' என்று மட்டும் கேட்டார். லிங்க் சரியாகத்தான் இருந்தது.

படத்தை மாற்றிப் போட்டோம். லிங்க்கை எடுத்து முதல் கமெண்ட்டில் வைத்தோம், பதிவில் லிங்க் இருந்தால் ரீச், அதாவது பதிவு போய்ச் சேருகிற ஆட்களின் எண்ணிக்கை, விழும் என்று எல்லா டெஸ்க்கிலும் ஒரு பேச்சு உண்டு. இறந்தார்கள் என்ற சொல்லை எடுத்தோம். 'கொலை' என்று எழுதினால் அமுக்கிவிடும் என்று நடுவில் நட்சத்திரக் குறி போட்டு 'கொ*லை' என்று எழுதுகிற பழக்கம் அப்படித்தான் எங்களுக்கு வந்தது. எந்தத் தளமும் எங்களுக்கு அப்படி விதி எழுதித் தரவில்லை. இருட்டில் கையைத் துழாவிக்கொண்டு நாங்களே எழுதிக்கொண்ட விதிகள்.

அந்தக் கட்டுரையை வேண்டுமென்றே அமுக்கிவிட்டார்கள். எனக்கு அதில் சந்தேகமில்லை.

ஆறு மாதம் கழித்து காலைக் கூட்டத்தில் ஆசிரியர் கேட்கிற முதல் கேள்வி 'இது ஓடுமா?' என்று ஆகிவிட்டது. நிருபரும் அந்த மாதிரிக் கட்டுரைகளைக் கொண்டுவருவதை நிறுத்திக்கொண்டார். முதலாளி போன் செய்யவில்லை. யாரும் மிரட்டவில்லை. ஒரு எண் இறங்கியது, அவ்வளவுதான்.

3 மார்ச்

எந்தத் தளம், எந்த நிறுவனம் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சொல்லப் போவதில்லை. அங்கே இப்போதும் வேலை பார்ப்பவர்கள் என் நண்பர்கள்.

9 மார்ச்

மஸ்க்கைப் பற்றி மட்டும் ஏன் பேசுகிறாய், பழைய ட்விட்டர் யோக்கியமா என்று ஒரு பதில் வந்திருக்கிறது. யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. பழைய நிர்வாகமும் மூடிய அறையில்தான் முடிவெடுத்தது. ஆனால் மாற்றம் எவ்வளவு என்று பார்க்கலாம்.

2022 அக்டோபர் கடைசியில் 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். அடுத்த வாரமே ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளியே. அதில், டிரெண்டாகும் விஷயங்களுக்குப் பக்கத்தில் விளக்கம் எழுதி வைத்த கியூரேஷன் குழுவும் போனது. பிறகு நீலக் குறி. அதுவரை ஒரு தகவல் வந்தால் டெஸ்க்கில் முதலில் பார்ப்பது அந்தக் குறியைத்தான். பேசுகிறவர் அவர்தானா என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு இருந்த அவசர வழி அது. மாதம் 8 டாலர் கட்டினால் யாருக்கும் கிடைக்கும் என்றதும், இலை லில்லி என்ற மருந்து நிறுவனத்தின் பெயரில் யாரோ குறி வாங்கிக்கொண்டு 'இன்சுலின் இனி இலவசம்' என்று போட்டுவிட்டார்கள். உண்மையான நிறுவனம் வந்து மன்னிப்புக் கேட்டு விளக்க வேண்டியதாயிற்று. இன்சுலினை நம்பி வாழ்கிறவர் ஒருவர் அந்த வரியைப் படித்த நிமிஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கேட்பதில்லை.

அந்த டிசம்பரில், முதலாளியின் விமானம் எங்கே போகிறது என்று காட்டிய கணக்கைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர்கள் பலரின் கணக்குகள் ஒரே இரவில் முடக்கப்பட்டன. 2023 ஏப்ரலில் அமெரிக்காவின் என்.பி.ஆர். வானொலிக்கு 'அரசு சார்ந்த ஊடகம்' என்று முத்திரை குத்தினார்கள். அதன் வருமானத்தில் மத்திய அரசு நேரடியாகத் தந்தது அப்போது ஒரு சதவீதத்தைச் சுற்றித்தான். அவர்கள் அந்தத் தளத்தில் எழுதுவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

இவையெல்லாம் வெளியே தெரிந்தவை என்பதையும் கவனியுங்கள். ஒரு தடவை உள்ளேயும் எட்டிப் பார்க்க முடிந்தது. 2023 மார்ச் 31 அன்று எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்று முடிவெடுக்கிற தங்கள் பரிந்துரை நிரலின் ஒரு பகுதியை அவர்களே வெளியிட்டார்கள். எழுதியவர் ஈலான் மஸ்க்தானா என்று பார்க்கிற ஒரு வரி அதில் இருந்தது. அளவெடுக்க வைத்தது, ரீச்சைக் கூட்டுவதற்கு அல்ல என்று பொறியாளர்கள் சொன்னார்கள். பிறகு நீக்கிவிட்டார்கள். அவர்கள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். சரிபார்க்க எனக்கு வழியில்லை, உங்களுக்கும் இல்லை.

16 மார்ச்

நேற்று அக்கா வந்திருந்தாள். இந்த இழையைப் படித்துவிட்டு, சரி, பார்த்துவிடலாம் என்று தன் போனை என் போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரே ஆப், ஒரே நேரம். இரண்டு பேரும் சேர்ந்து மேலிருந்து முப்பது பதிவுகளை ஒவ்வொன்றாக எண்ணினோம்.

இரண்டிலும் இருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் விளம்பரம்.

என்னுடையதில் செய்தி ஏழு. அவளுடையதில் செய்தி என்று சொல்லத்தக்கது இரண்டு, அதில் ஒன்று நாலு வருஷப் பழசு. அவளும் ஏமாறுகிறவள் கிடையாது, இரண்டு செய்திப் பக்கங்களைத் தொடர்கிறாள். அவர்கள் அன்றைக்குப் போட்ட எதுவும் முப்பதுக்குள் வரவில்லை. 'நான் அவங்களைத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன்னு நினைச்சேன்' என்றாள். அந்த வாக்கியத்தில் எனக்கு மேலே சொல்ல ஒன்றுமில்லை.

பத்திரிகை என்றால் நான் படித்த பக்கத்தையே அவளும் படித்திருப்பாள். ஒரு செய்தி இல்லை என்றால் இருவருக்கும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரிடம் வேறு பத்திரிகை இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஃபீடில் ஒப்பிடப் பொதுப் பக்கமே கிடையாது.

21 மார்ச்

மார்ச் 2 அன்று எழுதியதில் ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

அந்தக் காலத்து எக்ஸெல் தாள் ஒன்று பழைய மெயிலில் கிடைத்தது. தேதிவாரியாக எண்களைப் பார்த்தேன். அந்த வாரம் எங்கள் கட்டுரை மட்டுமல்ல, பக்கமே சரிந்திருக்கிறது. ஆயிரக்கணக்கில் ஓடியது என்று நான் எழுதிய விமான நிலையப் படத்தின் எண்கூட முந்தைய மாதம் அந்த மாதிரிப் படங்களுக்கு வந்ததில் பாதி இல்லை. ஆக, எங்கள் கட்டுரையைத் தேடிப்பிடித்து அமுக்கினார்கள் என்பதற்கு என்னிடம் ஆதாரமே இல்லை. பெரிதாக ஏதோ ஒரு திருகை யாரோ திருகியிருக்கிறார்கள், அதில் நாங்களும் அடிபட்டிருக்கிறோம். நாலு வருஷமாக இதை எத்தனையோ பேரிடம் சதி என்று சொல்லி வந்திருக்கிறேன். அந்த நிருபருக்குக் காலையில் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. 'சதின்னா சண்டை போட்டிருக்கலாம். இது என்னன்னு எடுத்துக்கிறது?' என்றார்.

22 மார்ச்

2018இல் ஃபேஸ்புக் செய்தியின் பங்கைச் சொல்லிவிட்டுத்தானே குறைத்தது, தடயம் இல்லை என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டிருப்பவருக்கு. சரியான இடத்தில் பிடித்தீர்கள். அந்த ஜனவரியில் சக்கர்பெர்க் தானே எழுதினார்: நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகள் முன்னால் வரும், செய்தியின் பங்கு 5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகும் என்று. அது மொத்தக் கணக்கு. அந்த நாலில் யாருக்கு எவ்வளவு என்பது அறிவிப்பில் கிடையாது.

அவர்கள் தரும் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. வீடியோவை மக்கள் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற கணக்கு இரண்டு வருஷமாகத் தவறு என்று 2016இல் ஒப்புக்கொண்டார்கள். மூன்று விநாடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. 60 முதல் 80 சதவீதம்வரை மிகையாக இருந்திருக்கலாம் என்று ஒரு விளம்பர நிறுவனத்திடம் அவர்களே சொன்னார்கள். விளம்பரதாரர்கள் போட்ட வழக்கு 2019இல் 4 கோடி டாலருக்கு முடிந்தது. எழுத்தை விட்டு வீடியோவுக்கு ஓடிய செய்தி அறைகளில் வேலை போனவர்களுக்கு அதில் எதுவும் வரவில்லை.

29 மார்ச்

எக்ஸை எக்ஸ்.ஏ.ஐ. என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம் வாங்கிவிட்டதாக மஸ்க் அறிவித்திருக்கிறார். இரண்டும் அவருடையவை. மதிப்பு 3,300 கோடி டாலர் என்கிறார். செய்தியைப் பரப்புகிற தளமும், அந்தச் செய்தி உண்மையா என்று ஜனங்கள் கேட்கிற குரோக் என்ற ஏ.ஐ. உரையாடியும் இனி ஒரே கூரையின் கீழ். இதைத் தனியாக எழுத வேண்டும், இன்றைக்கு முடியவில்லை.

13 ஏப்ரல்

சட்டம் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் எழுதுகிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆஸ்திரேலியாவில் 2021இல், செய்திக்குத் தளங்கள் காசு கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நிறைவேறுவதற்கு முன்பே ஃபேஸ்புக் அந்த நாட்டில் செய்தியை மொத்தமாக நிறுத்தியது. கூடவே வானிலை மையம், சுகாதாரத் துறைகள், தீயணைப்புப் பக்கங்களும் காலியாயின. பிப்ரவரி மாதம், அவர்களுக்குக் கோடைகாலம், காட்டுத்தீ வருகிற பருவம். ஒரு வாரத்துக்குள் சமரசம், அரசு சட்டத்தில் சில திருத்தங்கள் செய்தது.

அதே மாதிரிச் சட்டம் கொண்டுவந்த கனடாவில் சமரசமே வரவில்லை. 2023 ஆகஸ்டில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அங்கே ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் செய்தியை நிறுத்தியது. இன்றுவரை அப்படித்தான். அதே மாதம் காட்டுத்தீ யெல்லோநைஃப் நகரை நெருங்கி, சுமார் இருபதாயிரம் பேர் ஊரைக் காலி செய்ய வேண்டி வந்தது. எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று சொல்கிற உள்ளூர்ச் செய்தியின் லிங்க்கை ஒருவருக்கொருவர் ஃபேஸ்புக்கில் அனுப்ப முடியவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுச் சமாளித்தார்கள். டெஸ்க்கில் இருந்தவனாகச் சொல்கிறேன், ஸ்கிரீன்ஷாட்டில் முதலில் வெட்டுப்படுவது தேதியும் நேரமும்தான். காலையில் திறந்திருந்த சாலை மாலையில் திறந்திருக்குமா?

மெட்டா தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. பத்திரிகைகள் தாங்களாகவே வந்து லிங்க் போடுகின்றன, அதனால் வாசகர் கிடைக்கிறார்கள், நாங்கள் ஏன் காசு தர வேண்டும் என்கிறார்கள். அது வீண்வாதம் இல்லை. ஆஸ்திரேலியச் சட்டத்தால் நல்ல ஒப்பந்தம் பெற்றவர்களில் முர்டாக்கின் நியூஸ் கார்ப்பும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பெரிய முதலாளிக்கும் இன்னொரு பெரிய முதலாளிக்கும் நடந்த பேரம் அது. ஊரைக் காலி செய்கிறவன் அந்த மேஜையில் எங்கேயும் இல்லை.

14 ஏப்ரல்

கூகுள் என்ன செய்தது என்று கேட்டவருக்கு: கனடாவில் வருஷம் 10 கோடி கனடிய டாலர் தர ஒப்புக்கொண்டது. அங்கே தேடலில் செய்தி வருகிறது.

11 மே

ஒரு மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. வேலை.

முதலாளியை யார் தட்டிக்கேட்பது என்று மேலே ஒரு சர்ச்சை ஓடியிருக்கிறது. மெட்டாவில் இரண்டு வகைப் பங்குகள். சக்கர்பெர்க் கையில் இருக்கும் வகைக்குப் பங்குக்குப் பத்து ஓட்டு. அதனால் மொத்த ஓட்டில் பாதிக்கு மேல் அவருடையது. மற்ற பங்குதாரர் எல்லாரும் சேர்ந்தாலும் அவரை அசைக்க முடியாது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டிலும் பேஜ், பிரின் இருவரும் சேர்ந்து பாதிக்கு மேல் ஓட்டு வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு என்.டி.டி.வி.யின் இந்திச் செய்தியாளராக இருந்த ரவீஷ் குமார் நினைவு வந்தது. 2022 கடைசியில் என்.டி.டி.வி. அதானி குழுமத்தின் கைக்குப் போனது. அந்த நவம்பர் 30 அன்று அவர் ராஜினாமா செய்துவிட்டு யூடியூபில் பேச ஆரம்பித்தார். இன்று ஒரு கோடிக்கு மேல் சந்தாதாரர்கள். அவர் போனதும் எல்லாருக்கும் தெரிந்தது, ஏன் போனார் என்பதும் தெரிந்தது. நாளைக்கு அவர் வீடியோ முன்பைவிடக் குறைவான பேருக்குக் காட்டப்பட்டால் அது யாருக்குத் தெரியும்? அவருக்கே தெரியாது. நான் அன்றைக்கு வைத்திருந்த மாதிரி ஒரு எக்ஸெல் தாளை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான். யூடியூப் அப்படிச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. செய்தால் கண்டுபிடிக்க வழியில்லை என்கிறேன்.

அப்படி வெளியாட்கள் பார்க்க இருந்த ஒரு ஜன்னல் கிரௌட்டாங்கிள். ஃபேஸ்புக்கில் எந்தப் பதிவு எவ்வளவு பரவுகிறது என்று நாங்கள் தினமும் பார்த்த கருவி. மெட்டாவே அதை வைத்திருந்தது, 2024 ஆகஸ்டில் மெட்டாவே மூடியது. எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இந்த இடத்தில்தான். நீ முதலாளி, உன் கடை, உன் இஷ்டம், சரி. கதவில் இருந்த கண்ணாடியையும் எதற்கு அடைக்கிறாய்?

12 மே

பத்திரிகையில் வேறு வழிகளும் முயன்றிருக்கிறார்கள் என்பதை நேற்று விட்டுவிட்டேன். பிரிட்டனின் கார்டியன் 1936 முதல் ஒரு அறக்கட்டளையிடம் இருக்கிறது. அமெரிக்காவில் சால்ட் லேக் டிரிப்யூனை அதன் பணக்கார முதலாளியே 2019இல் லாப நோக்கமில்லாத அமைப்பாக மாற்றினார். நூறு கோடிப் பேர் புழங்குகிற ஒரு தளத்தை யாராவது இப்படி மாற்றியதாக எனக்குத் தெரிந்து இல்லை. இருந்தால் போடுங்கள்.

22 ஜூன்

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார், மகிழ்ச்சி. 'சரி, நீ என்னதான் செய்கிறாய்?' என்கிறார்.

பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு செய்தித் தளங்களின் முகப்பை போனின் முதல் திரையில் வைத்திருக்கிறேன். காலையில் அதைத் திறந்து, அன்றைய முக்கியச் செய்திகளின் தலைப்பை ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன். இரவில் ஃபீடைப் பார்த்து, எது வந்தது, எது வரவில்லை என்று டிக் போடுகிறேன். அக்காவும் அவள் போனில் இதையே செய்கிறாள். அந்த நிருபர் இப்போது வேறு இடத்தில் வேலை பார்க்கிறார், அவரையும் சேர்த்துவிட்டோம். நீங்களும் வரலாம், தாளும் பேனாவும் போதும்.

நேற்றைய கணக்கு: முகப்பில் பதினாறு. என் ஃபீடில் வந்தது மூன்று, அக்காவுக்கு ஒன்று, நிருபருக்கு நாலு. எங்கள் மூன்று பேருக்கும் பொதுவாக வந்தது எதுவுமில்லை. இன்றைய கணக்கை இரவு போடுகிறேன்.